டிரைவர் தூங்குகிறார்

அந்த வீட்டில் காலை எட்டு மணியிலிருந்து மதியம் மூன்று மணி வரைக்கும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. யாரும் சட்டம் போட்டு வந்ததில்லை, பதினான்கு வருஷத்துப் பழக்கம். வீட்டுக்காரர் ராத்திரி பஸ் ஓட்டுகிற டிரைவர். சாயங்காலம் ஏழரைக்கு மலையிலிருந்து பஸ்ஸை இறக்கிக் கீழே கொண்டுபோய் விட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸை மறுபடி மேலே ஏற்றிக்கொண்டு வருவார். நாற்பத்தொரு கொண்டை ஊசி வளைவு, போக ஒரு தரம், வர ஒரு தரம். காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டு எட்டு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார். அந்த ஏழு மணி நேரத்தைக் காவல் காப்பதுதான் அவர் மனைவிக்கு முதல் வேலை. மற்ற வேலையெல்லாம் அதற்கு அப்புறம்.

தெருவில் அவளுக்குப் பூனையம்மா என்று பெயர். பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் அவள் வந்ததே தெரியும். காய்கறிக் கடைக்காரர் இரண்டு தடவை திடுக்கிட்டுத் தராசைக் கீழே போட்டிருக்கிறார். வாளியை வைக்கிற இடத்தில் பழைய துணி மடித்துப் போட்டிருப்பாள். பாத்திரத்துக்கு மேல் பாத்திரம் வைத்தால் நடுவில் ஒரு துணி. கதவுக் கீல்களுக்கு வாரம் ஒரு தரம் எண்ணெய். மிக்ஸி, குக்கர் எல்லாம் மூன்று மணிக்கு மேல்தான். இருமல் வந்தால் கொல்லைப்பக்கம் ஓட வேண்டும். வாசல் மணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கேட்டில் ஒரு கயிறு கட்டியிருந்தாள். அதை இழுத்தால் சமையலறை ஜன்னலில் ஒரு சிவப்புத் துணி விழும், யாரோ வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அவளும் நாத்தனாரும் பேசிக்கொள்வது கையால்தான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் அடுப்பைக் குறை. இரண்டு விரலை நடக்க விட்டால் கடைக்குப் போ. கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்தால் அண்ணன் தூங்குகிறார். நாத்தனாருக்குத்தான் இதெல்லாம் பெரிய தண்டனை. புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள். பிறவியிலேயே பெரிய குரல், பெரிய கோபம். இரண்டையும் ஏழு மணி நேரம் அடக்கி வைத்துக்கொண்டு போர்வை துவைப்பாள். மூன்று மணி அடித்ததும் அன்றைக்குப் பேச வேண்டியது மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டுவாள்.

மாடியில் நாலு அறைகளை வாடகைக்கு விட்டதும் நாத்தனார் யோசனைதான். மலைக்கு ஓய்வெடுக்க வருகிறவர்கள் இரண்டு மூன்று நாள் தங்குவார்கள். "இவ்வளவு அமைதியான இடத்தைப் பார்த்ததே இல்லை" என்று வருகைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவார்கள். யாருக்காகவோ காத்த அமைதி இவர்களுக்கும் உதவியது. மாடி மரத்தளம். டிரைவர் படுக்கிற அறைக்கு நேர் மேலே மூன்றாம் நம்பர் அறை. அதைப் பூனையம்மா பெரும்பாலும் பூட்டியே வைத்திருப்பாள், இல்லாவிட்டால் வயதான தனியாள் யாருக்காவது கொடுப்பாள்.

இந்தத் தடவை அந்த ஜாக்கிரதை தவறிப்போனது. ஒரே ஆபீசில் வேலை செய்கிற ஐந்து பேர், அடுத்தடுத்து மூன்று அறை வேண்டும் என்று போனில் செய்தி அனுப்ப, நாத்தனார் யோசிக்காமல் சரி என்று பதில் போட்டுவிட்டாள். மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். தலைக்குத் தொப்பி போட்ட ஒருத்தர் தலைவர் மாதிரி. இன்னொருத்தர் கையில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். வந்த அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு, கயிற்றை ஐந்து பேரும் மாற்றி மாற்றி இழுத்து, சிவப்புத் துணி விழுவதை ஜன்னல் வழியாகப் பார்த்து, கைதட்டிச் சிரித்தார்கள். டிரைவர் படுத்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது.

பூனையம்மா ஓடிவந்து கேட்டைத் திறந்தாள். உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்தாள். தொப்பிக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"நல்லா தூங்கினோம், வேன்ல வரும்போதே தூங்கிட்டோம்" என்றார்.

அன்று ஆரம்பித்தது. அவர்களுக்குப் பேச்சு என்பதே கிடையாது, எல்லாம் கூப்பாடுதான். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்துபோய்ச் சொன்னால் குறைந்துபோய்விடுவார்கள் போல. சோப்பு எங்கே என்பதும் அங்கிருந்து இங்கே கத்தல், இதோ இருக்கிறது என்பதும் இங்கிருந்து அங்கே கத்தல். நாற்காலியைத் தூக்கி வைக்கிற வழக்கம் இல்லை, இழுப்பதுதான். கதவைச் சாத்துவது இல்லை, அறைவதுதான். எல்லாவற்றுக்கும் மேல் ஸ்பீக்கரில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு மரத்தளத்தில் குதித்தார்கள். "காலை எட்டு முதல் மதியம் மூன்று வரை அமைதி காக்கவும்" என்று மாடிப்படியில் ஒரு பலகை தொங்கும். அதற்கு மேல் ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

மறுநாள் நாலாம் நம்பர் அறையில் இருந்த கணக்கு டீச்சர் பெட்டியோடு கீழே இறங்கிவந்தார். ஆறு வருஷமாக லீவுக்கு அங்கேதான் வருகிறவர். கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான், அதுவும் ரகசியக் குரலில், பேசினார்.

"அடுத்த வருஷம் நான் வேற இடம் பாத்துக்கறேன். தப்பா நினைக்காதீங்கம்மா."

பூனையம்மா தலையை ஆட்டினாள். அவமானத்தில் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. டீச்சர் தெருக்கோடியில் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று மூன்று மணிக்கு நாத்தனார் அடுக்களையில் வெடித்தாள்.

"அண்ணி, நான் போய்க் கேக்கத்தான் போறேன். கதவுன்னா கைப்பிடின்னு ஒண்ணு இருக்கு, அதைப் பிடிச்சுச் சாத்தணும்னு அவங்க வீட்ல யாருமே சொல்லிக் குடுக்கலையா?"

"அவங்க வெளிய போயிட்டாங்க."

"எப்ப?"

"ரெண்டரைக்கே. ராத்திரி பத்தரைக்கு மேல வருவாங்க. நாம அதுக்குள்ள படுத்திருப்போம்."

"பாத்தீங்களா? நாம வாய் திறக்கிற நேரத்துல அவங்க இல்ல. அவங்க இருக்கிற நேரத்துல நாம வாய் திறக்க முடியாது. சத்தம் போடாதீங்கன்னு சொல்லணும்னாகூட அந்தச் சத்தத்துக்கு மேல சத்தம் போட்டுத்தான் சொல்லணும். இந்தக் கொடுமையை எங்க போய்ச் சொல்றது?"

"மெதுவா பேசு."

"மணி மூணேகால் ஆச்சு அண்ணி. இப்பவுமா மெதுவா பேசணும்?"

டிரைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றார்.

"என்ன இங்க மாநாடு?"

"தூங்கினீங்களா?" என்று கேட்டாள் பூனையம்மா.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்."

"கண்ணு ரத்தமா சிவந்திருக்கு."

"சோப்பு பட்டுடுச்சு. இப்பதான் மூஞ்சி கழுவினேன்."

"மேல அவ்வளவு ஆட்டம் ஆடினாங்களே, எப்படித் தூக்கம் வந்தது?"

"ராத்திரி முழுக்க இன்ஜினுக்குப் பக்கத்துல உக்கார்றவன் நான். எனக்கு இதெல்லாம் ஒரு சத்தமா? சாப்பாடு போடு, பசிக்குது."

அவள் சோற்றைப் போட்டாள். கீரையும் உருளைக்கிழங்கு வறுவலும் அவருக்குப் பிடிக்கும். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர, பாதிக்கு மேல் இறங்கவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று அவளுக்குச் சந்தேகம்தான். ஆனால் அந்தப் பொய்யை நம்பினால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி, அதனால் நம்பினாள்.

அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. போன மாதம் இருபத்துமூன்றாவது வளைவில் பஸ் தடுப்புச் சுவரில் உரசிவிட்டது. யாருக்கும் அடி இல்லை, இடதுபக்கத் தகரம் மட்டும் நீளமாகக் கிழிந்துபோனது. நாய் குறுக்கே வந்தது என்று டிப்போவில் எழுதிக் கொடுத்தார். அன்றைக்குக் காலையில் அவள் ஒருத்தியிடம்தான் உண்மையைச் சொன்னார்.

"நாய் எல்லாம் வரல. கண்ணு மூடிடுச்சு. ஒரு நிமிஷம்கூட இருக்காது. முழிச்சுப் பாத்தா சுவர். சுவரைத் தாண்டி ஒண்ணுமே இல்ல, வெறும் பனி."

இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி டிப்போ கேட்டில் உட்கார வைத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிற வேலை. டிரைவருக்கு அதைவிடச் செத்துப்போவது மேல். பூனையம்மாவுக்கு அவர் கேட்டில் உட்கார்ந்தால் என்ன, வீட்டில் உட்கார்ந்தால் என்ன, உயிரோடு உட்கார்ந்தால் போதும். ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது? பஸ் முழுக்க நாற்பது ஐம்பது பேர். அவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனால், தெருவில் காலடி கேட்கிற வரைக்கும் ராத்திரியெல்லாம் அரைத்தூக்கம்தான் அவளுக்கு.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே மழை. பலத்த மழையும் இல்லை, விடுகிற மழையும் இல்லை, நசநசவென்று ஒரு தூறல். ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் கிளம்பவில்லை. அன்று ராத்திரி ஊருக்குப் போகிறவர்கள்தான், கடைசி நாளைக் கொண்டாடித் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒன்பதரைக்கே ஸ்பீக்கர் ஆரம்பித்தது.

பூனையம்மா அடுப்பை அணைத்துவிட்டு, டிரைவர் அறைக் கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்தாள். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்ட அறை. அவர் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, அசையாமல் படுத்திருந்தார். மூச்சும் தூங்குகிறவர் மூச்சு மாதிரிதான் இருந்தது. நல்லவேளை என்று கதவை மூடப்போனவள் அவர் காலைப் பார்த்துவிட்டாள். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த வலது காலின் பெருவிரல் மேலே ஓடுகிற பாட்டுக்குச் சரியாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

 மூன்று நாளாக இப்படித்தான் படுத்திருக்கிறார். அவள் கவலைப்படக் கூடாது என்று தூங்குகிற மாதிரி நடித்திருக்கிறார். இரண்டு ராத்திரி இப்படியேதான் நாற்பத்தொரு வளைவையும் ஓட்டிவிட்டு வந்திருக்கிறார்.

கோபமாகப் போனால் காரியம் கெட்டுவிடும் என்று ஐந்து தம்ளர் டீ போட்டு, தட்டில் துணி விரித்து, எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மூன்றாம் நம்பர் அறையில் ஐந்து பேரும் இருந்தார்கள். அவள் வாசலில் நின்று, ஸ்பீக்கரைக் காட்டி, கீழே காட்டி, கன்னத்தில் கை வைத்தாள்.

"டீ வந்தாச்சு" என்றார் தொப்பிக்காரர்.

"பாட்டைக் கொஞ்சம் குறைங்கப்பா, அந்தம்மா என்னவோ சொல்றாங்க" என்றாள் சிவப்புச் சட்டை போட்ட பெண்.

"அவங்களுக்கு எதுக்குக் குறைக்கணும்? அவங்களுக்குத்தான் காது கேக்காதே" என்றார் தொப்பிக்காரர்.

"கீழ துணி துவைக்குதே, அந்தம்மாவுக்கும் கேக்காது" என்றார் ஸ்பீக்கர்க்காரர். "ரெண்டு பேரும் கையாலதான் பேசிக்கறாங்க, நான் பாத்தேன். அதான் வாசல்ல மணிகூட வைக்காம துணி கட்டியிருக்காங்க. நமக்கு நல்லதாப் போச்சு. வேற எங்கயாவது போயிருந்தா இந்நேரம் ஓனர் வந்து கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பாரு."

"பாவம்ல" என்றாள் சிவப்புச் சட்டை. "வாய் பேச முடியலைன்னாலும் எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க பாருங்க வீட்டை." அவளைப் பார்த்து வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, "டீ... ரொம்ப... நல்லா... இருக்கு" என்றாள்.

பூனையம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தாள். பதினான்கு வருஷமாகப் பகல் பத்து மணிக்குப் பேசாத வாய். காற்றுத்தான் வந்தது. வந்த அந்தக் கொஞ்சம் குரலும் ஸ்பீக்கரில் அடிபட்டுப்போனது. அவள் உதடு அசைந்ததைப் பார்த்து நாலு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

கீழே வந்து நாத்தனாரிடம் விஷயத்தைக் கையாலேயே சொன்னாள். காதைத் தொட்டு, மாடியைக் காட்டி, நம் இரண்டு பேரையும் காட்டி, கையை விரித்தாள். நாத்தனாருக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பு அடங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்து, அது அழுகையானது. மாடிப்படியைப் பார்த்து இரண்டடி வைத்தாள். பூனையம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த நிமிஷத்தில் பார்த்துப் பாட்டு மாறுகிற இடைவெளி. உள்ளே அவர் கண்ணயரப் பார்க்கிறாரோ என்னவோ. நாத்தனார் ஒரு கத்தல் கத்தினால் தெருவே எழுந்துவிடும்.

அப்புறம் நாத்தனாருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு காகிதத்தை எடுத்து, பெரிய எழுத்தில், "கீழே டிரைவர் தூங்குகிறார்" என்று எழுதி, மாடிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஐந்து நிமிஷத்தில் தொப்பிக்காரர் படியிறங்கி வந்து, சிரித்தபடி அதே காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அடியில் எழுதியிருந்தது: "பரவாயில்லை, அவரை எழுப்ப வேண்டாம். எங்களுக்குக் கார் தேவையில்லை. இன்று ராத்திரி பஸ்ஸில் போகிறோம். நன்றி."

நாத்தனார் அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்தாள். கிழிக்கிற சத்தம் கேட்கக் கூடாதென்று மெதுவாகக் கிழித்தாள்.

ராத்திரி பஸ் என்றால் ஊரில் ஒன்றுதான். பூனையம்மா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு டிரைவரே எழுந்து வெளியே வந்தார். மேலே ஆட்டம் அப்போதுதான் உச்சத்தில் இருந்தது.

"இனிமே படுத்து என்ன? விடு" என்றார்.

"நீங்க தூங்கலை. மூணு நாளா தூங்கலை."

"யார் சொன்னா?"

"உங்க கால் சொல்லுச்சு."

அவர் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"இன்னிக்குப் போகாதீங்க" என்றாள்.

"போகலைன்னா டிப்போல என்ன சொல்றது? எங்க வீட்டு மாடியில பாட்டு போட்டாங்க, அதனால வரலைன்னா?"

"அதான உண்மை."

"அந்த உண்மையைச் சொன்னா சிரிப்பாங்க. மேனேஜர் சிரிக்க மாட்டாரு, எழுதுவாரு. கேட்ல நாற்காலி ரெடியா இருக்கு எனக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

"நீ சொல்லிடுவ. உக்காரப் போறவன் நான்."

"சுவரைத் தாண்டி ஒண்ணுமே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

 அவர் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போய்ப் படுத்தார்.

மூன்று மணி அடித்தது. நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு, மாடிப்படியில் திடுதிடுவென்று ஏறினாள். ஏறினவள் இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தாள். இறங்கும்போது காலடிச் சத்தமே இல்லை.

"என்ன ஆச்சு? கேட்டியா?"

"தூங்கறாங்க" என்று கிசுகிசுத்தாள் நாத்தனார்.

"யாரு?"

"அஞ்சு பேரும். ஆடின களைப்பு. பிள்ளைங்க மாதிரி வாயைப் பிளந்துகிட்டுத் தூங்கறாங்க." கொஞ்சம் நிறுத்தி, தலையில் அடித்துக்கொண்டாள். "கதவைச் சத்தமில்லாம சாத்திட்டு வந்துட்டேன் அண்ணி. என்னால முடியலை. தூங்கறவங்களைப் பாத்தா எனக்குக் குரலே வர மாட்டேங்குது."

பூனையம்மாவுக்கு அவளைத் திட்டவும் தோன்றவில்லை. தான் போயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். ஆறு மணி வரைக்கும் மாடியில் அவர்கள் தூங்கினார்கள். கீழே டிரைவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நேரம் தப்பினால் தூக்கமும் வருவதில்லை.

ஆறரைக்கு அவர் டிப்போவுக்குக் கிளம்பினபோது அவளும் கூடவே கிளம்பினாள். வழக்கமில்லாத வழக்கம்.

"நீ எதுக்கு?"

"சாப்பாட்டுப் பாத்திரம் தூக்கிட்டு வரேன்."

"பதினாலு வருஷமா நான்தானே தூக்கிட்டுப் போறேன்?"

"இன்னிக்கு நான் தூக்கறேன்."

குடை ஒன்றுதான். நடக்கும்போது அவர் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். கொட்டாவியை அவளுக்குத் தெரியாமல் விடுவதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டதில் தோள் நனைந்தது.

டிப்போவுக்கு அடுத்தாற்போல் இருந்த பஸ் நிலையத்தில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு ஒருத்தி, காலில் கட்டுப் போட்ட ஒரு பெரியவர், மூட்டை முடிச்சோடு கல்யாணத்துக்குப் போகிற குடும்பம் ஒன்று. கண்டக்டர் கதவருகே நின்று டிக்கெட்டைப் பார்த்துப் பார்த்து ஏற்றினார். கடைசியாகத்தான் அந்த ஐந்து பேரும் வந்தார்கள். தூங்கி எழுந்த முகங்கள், பளிச்சென்று இருந்தன.

"முன் சீட்டு நமக்கு" என்றார் தொப்பிக்காரர். "டிரைவருக்குப் பின்னாடியே உக்காந்தா வளைவெல்லாம் தெரியும்."

சிவப்புச் சட்டை பூனையம்மாவைப் பார்த்துவிட்டாள். வழியனுப்ப வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். சந்தோஷமாகக் கையை ஆட்டி, வாயை அகலமாகத் திறந்து, "போயிட்டு... வரோம்" என்றாள்.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். சாவியைத் திருகினார். இன்ஜின் உறுமியது. பூனையம்மா முன்பக்கம் வந்து மழைக்குள் நின்றாள். கண்ணாடி வழியாக அவர் அவளைப் பார்த்தார், அப்புறம் மேலே இருந்த கண்ணாடியில் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்தார். ஸ்டியரிங்கில் வைத்த கை அப்படியே இருந்தது. கண்டக்டர் ஒரு தரம் விசிலடித்தார், இரண்டாம் தரம் அடித்தார். டிரைவர் கண்ணை மூடித் திறந்தார். மறுபடி மூடினார். அந்தத் தடவை திறக்கக் கொஞ்சம் நேரமானது. திறந்ததும் அவருக்கே பயம் வந்துவிட்டது என்பதை அவள் வெளியே இருந்தே பார்த்தாள்.

இன்ஜின் நின்றது. அவர் இறங்கி, நேரே டைம் கீப்பர் அறைக்கு நடந்தார்.

"என்னால இன்னிக்கு முடியாது" என்றார்.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் டைம் கீப்பர்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. நான் தூங்கல."

"விளையாடறியா? மாத்து ஆள் லீவுல இருக்கான். வண்டி ஃபுல்லா இருக்கு. உடம்பு சரியில்லைன்னு எழுது, நான் சமாளிக்கறேன்."

"போன மாசம் நாய்னு எழுதினேன். இன்னிக்கும் பொய் எழுத மாட்டேன். தூங்கலைன்னுதான் எழுதுவேன்."

"எழுதினா நாளையிலிருந்து கேட்தான், தெரியுமில்ல?"

"தெரியும். பேனா குடு."

அவர் எழுதிக் கொடுத்தார்.  அவரைத் தொட்டுச் சமாதானம் சொல்ல வேண்டும் போல இருந்தது, பின்னாலேயே வந்து நின்ற அவளுக்கு. அத்தனை பேர் நடுவில் எப்படித் தொடுவது? குடையை மட்டும் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. மழையிலேயே வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

பஸ் காலை ஆறு மணிக்குத்தான் போகும் என்று கண்டக்டர் கத்திச் சொன்னார். கூட்டம் முழுக்க இறங்கித் திட்டியது.

"தூங்கலையாமே? இதெல்லாம் ஒரு காரணமா?" என்றார் தொப்பிக்காரர். "பகல் பூரா அப்படி என்ன வெட்டி முறிச்சான் அந்த ஆளு?"

"தூங்கப் பாத்தாரு" என்றாள் பூனையம்மா.

ஐந்து பேரும் திரும்பினார்கள்.

"மூணு நாளா பாத்தாரு. நீங்க ஆடினீங்களே அந்த ரூமுக்குக் கீழ ரூம்லதான் அவர் படுக்கிறது. நானும் மூணு நாளா உங்ககிட்டச் சொல்லிட்டேதான் இருக்கேன்."

"அக்கா" என்றாள் சிவப்புச் சட்டை. "நீங்க பேசுவீங்களா?"

"பேசுவேன். காதும் கேக்கும். நீங்க போட்ட பாட்டு எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

ஸ்பீக்கர்க்காரர் ஸ்பீக்கரைப் பைக்குள் தள்ளினார். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பூனையம்மாவுக்கு இன்னும் நிறையச் சொல்ல வேண்டியிருந்தது.  ஆனால் மழை வலுத்துவிட்டது, ஊரில் வேறு எங்கும் அறை இல்லை, அவர்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போக மனசு வராததில், அவளுக்கு அவர்கள் மேல் வந்ததைவிட அதிகமான ஆத்திரம் தன் மேலேயே வந்தது.

"வாங்க" என்றாள். "செருப்பைக் கேட்லயே கழட்டிடுங்க."

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த வீட்டில் ஐந்து விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறினார்கள். நாற்காலியை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வைத்தார்கள். யாருக்கோ தும்மல் வந்தபோது தலையணையில் முகத்தைப் புதைத்துத் தும்மிய மாதிரி இருந்தது. நாத்தனார் அடுக்களையில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருந்தாள். பேசத் தடையில்லாத நேரம், ஆனால் அவளும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தொப்பிக்காரர் வெறுங்காலோடு படியிறங்கி வந்து, அடுக்களை வாசலில் நின்றார். வாய் திறக்காமல் டிரைவர் அறையைக் காட்டி, கன்னத்தில் கை வைத்து, தலையைச் சாய்த்துக் காட்டினார். தூங்குகிறாரா என்று கேட்கிறார்.

பூனையம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவர் நிம்மதியாக மாடிக்குப் போனார்.

அவள் டிரைவர் அறைக் கதவைத் திறந்தாள். அவர் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். நடிக்கக்கூட இல்லை.

"தூக்கம் வரலையா?"

"எப்படி வரும்? பதினாலு வருஷமா இந்த நேரத்துல நான் தூங்கினது இல்லையே" என்றார். "இப்ப பத்தாவது வளைவுல இருப்பேன்."

அவள் கட்டிலில் அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். வீடு முழுக்க ஊசி விழுந்தால் கேட்கும் போல இருந்தது. இவ்வளவு அமைதியைத்தான் மூன்று நாளாகக் கேட்டாள். இப்போது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மேலே போய்ப் பாட்டைப் போடச் சொல்லலாமா என்றுகூட இருந்தது அவளுக்கு.

போர்வைக்கு வெளியே அவர் கால் பெருவிரல் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அதே பாட்டுத்தான்.